மேட்டியின் பிறந்த வீடு எது? அலபாமா கிராமத்துப் பெண் ஒருவரின் வம்சத்தைத் தேடும் வழி

கேள்வி: என் மனைவியின் குடும்பம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கிளே கவுண்டி என்னும் மாவட்டத்தைச் சேர்ந்தது. அவருடைய கொள்ளுப்பாட்டியை எல்லோரும் 'மேட்டி' என்றுதான் சொல்கிறார்கள். கல்லறைக் கல்லில் கணவரின் முழுப்பெயர் இருக்கிறது; அதன் கீழே 'அவர் மனைவி மேட்டி, 1879–1936' என்று மட்டும் வெட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு அவருடைய குடும்பப் பெயர் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. செரோக்கிப் பூர்வகுடி ரத்தம் உண்டு என்று ஒரு பேச்சு மட்டும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஒருமுறை சென்சஸ். 1880 ஜூனில் மேட்டி கைக்குழந்தை, அப்பா வீட்டில் இருந்தார். 1900 ஜூனில் அவருக்கு 20 அல்லது 21 வயது, பெரும்பாலும் கல்யாணமாகிக் கணவர் பெயரோடு இருப்பார். நடுவில் வரவேண்டிய 1890 சென்சஸ், வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தில் 1921 ஜனவரியில் பற்றிய தீயில் பெரும்பகுதி பாழாய்ப்போனது. ஆக, பிறந்த வீட்டுப் பெயரோடு அவர் வளர்ந்த இருபது வருடமும் சென்சஸில் இல்லை. அலபாமாவில் மாநில அளவிலான பிறப்பு, இறப்புப் பதிவு 1908-இல்தான் தொடங்கியது; ஒழுங்காகப் பதிவானது அதற்கும் பல வருடம் கழித்து. எனவே பிறப்புச் சான்றிதழும் இருக்காது.

அந்தக் காலத்துச் சட்டம் கல்யாணமான பெண்ணைக் கணவன் வழியாகத்தான் பார்த்தது. ஆனால் நான்கு இடங்களில் அந்தச் சட்டத்துக்கே அவளுடைய சொந்தப் பெயரோ பிறப்போ தேவைப்பட்டது: அவள் கல்யாணம் செய்துகொண்டபோது, கணவன் நிலத்தை விற்க அவள் சம்மதம் வேண்டியிருந்தபோது, அவளுடைய அப்பாவின் சொத்து பிரிக்கப்பட்டபோது, அவள் பெற்ற பிள்ளையின் சான்றிதழில் 'தாயின் பெயர்' என்ற கட்டத்தை நிரப்பியபோது. நான்கிலும் காகிதம் பிறந்தது. தேடவேண்டியது அவற்றைத்தான். இணையத்தில் ஏற்கெனவே யாரோ போட்டு வைத்திருக்கும் வம்சமரங்களில் அவர் பெயர் கிடைத்தாலும் இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒருவர் ஊகித்து எழுதியதை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள். நாற்பது மரத்தில் இருப்பதாலேயே அது நாற்பது சாட்சி ஆகிவிடாது.

தொடக்கம் மனைவியின் வீட்டிலேயே. பெரியவர்களிடம் "மேட்டியின் குடும்பப் பெயர் என்ன" என்று கேட்டால் தெரியாது என்றுதான் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். அவரை 'ஆன்ட் மேட்டி' என்று கூப்பிட்டவர்கள் யார்? மே மாதத்தில் டெகரேஷன் நாளன்று கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்து பூ வைக்கக் குடும்பம் எந்தத் தேவாலயத்துக்குப் போனது? ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் போனார்கள் என்றால், இரண்டாவது இடம் பெரும்பாலும் பெண்வழிச் சொந்தங்களைப் புதைத்த இடம். பழைய பைபிளின் நடுப்பக்கங்கள், இறுதிச் சடங்கு நிலையம் கொடுத்த வருகையாளர் புத்தகம், சவப்பெட்டி தூக்கியவர்களின் பட்டியல் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு மகனுக்கு முதற்பெயராகவோ நடுப்பெயராகவோ 'ஹாரிஸ்', 'கார்ட்டர்' போலக் குடும்பப் பெயர் ஒன்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தென்மாநிலங்களில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது பெருவழக்கு. அதேபோல் கல்யாணத்துக்குப் பின் பெண்கள் பழைய குடும்பப் பெயரின் முதலெழுத்தை நடுவில் வைத்துக்கொள்வதும் உண்டு. 1910-இல் 'மேட்டி ஹெச்.' என்று இருந்தால் அந்த ஹெச் ஒரு துப்பு. துப்புதான், சான்று அல்ல.

இங்கே நம் மொழி ஒரு எச்சரிக்கை தருகிறது. நமக்கு அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாம் வேறு வேறு. ஆங்கிலத்தில் எல்லோரும் 'ஆன்ட்'தான். 'பிரதர்-இன்-லா' என்றால் மனைவியின் தம்பியாகவும் இருக்கலாம், அக்கா கணவராகவும் இருக்கலாம். சென்சஸில் மேட்டியின் கணவர் வீட்டில் ஒரு 'பிரதர்-இன்-லா' தங்கியிருந்து அவருக்குக் கல்யாணமாகவில்லை என்று இருந்தால், அவர் பெரும்பாலும் மேட்டியின் உடன்பிறந்தவர். அவர் குடும்பப் பெயரே நீங்கள் தேடும் பெயர். 'மதர்-இன்-லா' என்று ஒரு விதவை இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அவர் மறுமணம் செய்தவர் என்றால் அந்தப் பெயர் மேட்டியுடையது ஆகாது.

அடுத்து இறப்புச் சான்றிதழ். 1936-இல் இறந்ததால் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஃபேமிலிசர்ச் என்னும் வம்சாவளித் தளத்தில் 1908 முதல் 1974 வரையிலான அலபாமா இறப்புகளின் அட்டவணை இலவசம். பல பதிவுகளில் பெற்றோர் பெயரும் உண்டு. ஆனால் அது படியெடுத்தது மட்டுமே. மூலத்தின் நகலை வாங்குங்கள்: இறந்து 25 வருடம் கடந்தால் யாரும் கேட்கலாம், அலபாமாவின் எந்தக் கவுண்டி சுகாதார அலுவலகத்திலும் கிடைக்கும், கட்டணம் 15 டாலர் அளவில். நகல் கைக்கு வந்ததும் முதலில் 'தகவல் சொன்னவர்' கட்டத்தைப் பாருங்கள், பெற்றோர் பெயர் அப்புறம். கணவர் சொல்லியிருந்தால் மாமனார் பெயரைச் சரியாகச் சொல்லியிருப்பார். மாமியாரின் பிறந்த வீட்டுப் பெயர் பெரும்பாலும் 'தெரியாது' என்றுதான் இருக்கும். மருமகனோ அண்டைவீட்டாரோ சொல்லியிருந்தால் எல்லாமே சந்தேகம். துக்க வீட்டில் கேட்கும்போது, மேட்டியின் அம்மா பெயருக்குப் பதில் தன் அம்மா பெயரையே சொல்லிவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

அதனால் ஒரு சான்றிதழோடு நிற்காமல் அவர் பெற்ற எல்லாப் பிள்ளைகளின் காகிதங்களையும் திரட்டுங்கள். 1908-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆனால் 1935-இல் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தபின் வயதை நிரூபிக்க வேண்டியிருந்ததால் பலர் 'தாமதப் பிறப்புப் பதிவு' செய்துகொண்டார்கள். பைபிள் பக்கம், பள்ளிப் பதிவு, பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி, மூத்த உறவினர் ஒருவரின் பிரமாணம் ஆகியவற்றைக் காட்டி வாங்கியவை அவை. பிரமாணம் கொடுத்தவர் பெரும்பாலும் தாய்மாமனோ சித்தியோ; அந்தக் கையெழுத்தே ஒரு கதவைத் திறக்கும்.

இன்னொன்று எஸ்எஸ்-5 என்னும் சோஷியல் செக்யூரிட்டி எண் விண்ணப்பம். பிள்ளை தன் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய முழுப்பெயரைத் தானே சொல்லி நிரப்பியது. இறந்தவரின் விண்ணப்ப நகலைத் தகவல் அறியும் சட்டப்படி கேட்டு வாங்கலாம். பெற்றோர் பெயரை மறைத்து அனுப்பாமலிருக்க, அவர்கள் இறந்ததற்கான ஆதாரத்தையும் கூடவே வையுங்கள். மேட்டியின் பிள்ளைகள் பண்ணையிலேயே இருந்தவர்கள் என்றால் 1936-க்கு அருகில் தேடிப் பயனில்லை. விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் அந்தச் சட்டம் முதலில் விட்டுவிட்டது. 1951-க்குப் பிறகுதான் அவர்களில் பலருக்கும், 1955-இல் சொந்தமாக விவசாயம் செய்தவர்களுக்கும் அது வந்தது. ஆலை வேலைக்குப் போன மகளோ மகனோ இருந்தால் அவர்களுடையதை முதலில் கேளுங்கள்.

மகன்கள் முதல் உலகப்போரில் ராணுவச் சேவைக்குப் பதிவு செய்த அட்டைகளும் உதவும். ஆனால் இரண்டாம் உலகப்போருக்காக 1942-இல் வயதானவர்களைப் பதிவு செய்த அட்டைகள் அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி உள்ளிட்ட பல தென்மாநிலங்களுக்கு அழிக்கப்பட்டுவிட்டன. அதைத் தேடி நாட்களைச் செலவழிக்காதீர்கள்.

சென்சஸைப் படிக்கும்போது கட்டங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பாருங்கள். 1900-இல் பிறந்த மாதமும் வருடமும், கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று உண்டு. 1910-இல் கணவன் மனைவி இருவருக்கும் இது எத்தனையாவது கல்யாணம் என்ற குறிப்பு உண்டு. 1930-இல் முதல் கல்யாணத்தின்போது வயது என்ன என்ற கட்டம் உண்டு. உதாரணத்துக்கு, 1900-இல் 'கல்யாணமாகி 2 வருடம்' என்று இருந்தால் கல்யாண வயது 18 அல்லது 19. 1930-இல் 'முதல் கல்யாணம் 16 வயதில்' என்று இருந்தால், அதற்கு முன் இன்னொரு கணவர் இருந்திருக்கலாம். அப்படியானால் இரண்டாம் கல்யாணப் பதிவில் இருக்கும் குடும்பப் பெயர் முதல் கணவருடையது. அதைப் பிறந்த வீட்டுப் பெயர் என்று நம்பி, இல்லாத ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பெற்றோர் பிறந்த மாநிலமும் எல்லா வருடத்திலும் இருக்கும். நான்கு சென்சஸிலும் அதை வரிசையாக எழுதி வையுங்கள், பின்னால் மிகவும் வேண்டியிருக்கும்.

கல்யாணப் பதிவு, உயில், வாரிசுரிமை விவகாரங்களையும் கவனிக்கும் கவுண்டியின் புரொபேட் நீதிபதி அலுவலகத்தில். கிளே கவுண்டிக்குத் தலைநகர் ஆஷ்லாந்து. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் புத்தகங்கள் இருந்தன. அட்டவணை பெரும்பாலும் மணமகன் பெயரில்தான் சரியாக இருக்கும், எனவே கணவர் பெயரில் தேடுங்கள். உரிமம் வாங்கிய தேதியையும் கல்யாணம் நடந்த தேதியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிவைக் கண்டுபிடித்தால் பெயர்களோடு பக்கத்தை மூடிவிடக்கூடாது. மணமகள் 18 நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதக் குறிப்பு இருக்கும். 'இன்னார் வீட்டில் நடந்தது' என்ற வரி இருந்தால் அந்த இன்னார் பெரும்பாலும் பெண்ணின் அப்பா. நடத்தி வைத்த போதகர் யார் என்று பாருங்கள்; அவர் எந்தத் தேவாலயத்துப் போதகர் என்று கண்டால் பெண் வீட்டாரின் தேவாலயம் கிடைக்கும்.

கிளேயில் கிடைக்காவிட்டால் பக்கத்துக் கவுண்டிகளான ராண்டால்ஃப், டல்லபூசா, டல்லடேகா, கூசா, கிளிபர்ன். பிறகு மாநில எல்லைக்கு அப்பால் ஜார்ஜியாவின் கேரல், ஹேர்ட், ஹாரல்சன். பெண்ணின் கவுண்டியில்தான் உரிமம் வாங்குவது வழக்கம், பையனுடைய கவுண்டியில் அல்ல. கவுண்டி எல்லைகளும் ஓரிடத்தில் நின்றதில்லை. கிளே கவுண்டியே 1866-இல் ராண்டால்ஃபையும் டல்லடேகாவையும் வெட்டி உருவாக்கியது. மேட்டியின் தாத்தா ஒரே வீட்டில் இருந்தபடியே இரண்டு கவுண்டிப் புத்தகங்களில் வந்திருக்கலாம். சிகாகோவின் நியூபெரி நூலகம் தயாரித்த கவுண்டி எல்லை வரைபடத் தொகுப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஒவ்வொரு ஆவணத்தின் தேதிக்கும் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கவுண்டிக்குப் போங்கள்.

கல்யாணப் பதிவே கிடைக்கவில்லை என்றால், பொறுமையாகச் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதி இதில்தான் வருகிறது. மேட்டியின் கணவரை 1880-இல் அவர் அப்பா வீட்டில், சிறுவனாகப் பிடியுங்கள். அவர் எந்த 'பீட்'டில் இருக்கிறார் என்று பாருங்கள். அலபாமாவில் கவுண்டியின் உட்பிரிவுக்கு அதுதான் பெயர். ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன் கோவேறு கழுதையில் போய்வரும் தூரத்தில்தான் பெண் எடுப்பான். அந்த பீட்டின் முழுப் பக்கங்களையும், ஒட்டியுள்ள பீட்டுகளையும் வரிவரியாகப் படித்து, இரண்டு வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளில் பெயர் பொருந்துபவர்களை எழுதுங்கள்.

பொருந்தும் பெயர் எது? மேட்டி என்பது பெரும்பாலும் மார்த்தாவின் செல்லப்பெயர், மட்டில்டாவுக்கும் வரும். மார்த்தாவையே பாட்சி என்றும் அழைப்பார்கள். தென்மாநில சென்சஸில் வெறும் 'எம். ஈ.' என்று முதலெழுத்துகள் மட்டும் இருப்பதும் சகஜம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் வயது பன்னிரண்டில் இத்தனை மாதம் என்று பின்னமாக இருக்கும், பிறந்த மாதமும் தனிக் கட்டத்தில் இருக்கும். 1900-இல் மேட்டி சொன்ன மாதத்தோடு ஒப்பிடுங்கள். அப்பா ஜார்ஜியா, அம்மா தென் கரோலினா என்று நான்கு சென்சஸில் எழுதி வைத்தீர்களே, அது இங்கே பாதிப் பேரைக் கழித்துவிடும்.

மிச்சமிருக்கும் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகப் பின்தொடருங்கள். ஒருத்தி வேறொருவரை மணந்தாள், ஒருத்தி சிறுவயதில் இறந்து கல்லறை இருக்கிறது, ஒருத்தி 1900-இலும் கல்யாணமாகாமல் அப்பா வீட்டில் இருக்கிறாள். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். கழித்தவர்களை ஏன் கழித்தோம் என்று கட்டாயம் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே குழந்தையை மறுபடி தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நிற்கும் அந்த இரண்டு மூன்று அப்பாக்களின் சொத்துக் காகிதங்களுக்குப் போங்கள். அப்பா நிலம் விட்டு இறந்திருந்தால் புரொபேட் கோப்பில் வாரிசுகள் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். மகள்கள் கணவர் பெயரோடு இருப்பார்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் கோப்பு உயில் எழுதியவருடையதை விட நமக்கு நல்லது, ஏனென்றால் நீதிமன்றம் வாரிசுகளை ஒருவர் விடாமல் எழுதச் சொல்லும். கோர்ட்டுக்குப் போகாமல் எல்லா வாரிசும் சேர்ந்து ஓர் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. அந்தப் பத்திரம் அட்டவணையில் முதல் வாரிசின் பெயரில் 'மற்றும் பிறர்' என்று மட்டும் ஏறியிருக்கும். மேட்டி அந்தப் 'பிற'ருக்குள் ஒளிந்திருப்பார். முன்பெல்லாம் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது ஃபேமிலிசர்ச்சில் கையெழுத்துப் பத்திரங்களின் உள்வாசகத்தையே தேடும் முழுவாசகத் தேடல் வசதி இருக்கிறது. மேட்டி, மார்த்தா, கணவரின் குடும்பப் பெயர், கவுண்டி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எழுத்தை இயந்திரம் தப்பாகப் படித்திருக்கும், அதற்கேற்பத் தப்பான எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள்.

கணவர் வீட்டு நிலத்தை விற்ற பத்திரங்களும் முக்கியம். மனைவியைக் கணவரில்லாமல் தனியாக அழைத்து, 'பயமோ வற்புறுத்தலோ இல்லாமல் கையெழுத்திட்டேன்' என்று அவர் சொன்னதை அதிகாரி பத்திரத்தின் கடைசியில் எழுதியிருப்பார். வேறெங்கும் மேட்டியாக இருப்பவர் அங்கே 'மார்த்தா ஈ.' என்று முழுமையாகத் தெரிவார். எழுதத் தெரியாதவர் என்றால் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி. அதைப் போட்ட கை அவருடையது.

சொந்த நிலமே இல்லாமல், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பம் என்றால், விளையப்போகும் பருத்தியையும் கோவேறு கழுதையையும் அடமானம் வைத்த பதிவுகளைப் பாருங்கள். அவையும் புரொபேட் அலுவலகத்தில்தான் ஏறின. எந்த வருடம் யார் நிலத்தில் இருந்தார்கள் என்று அவை சொல்லும். வாரக்குடிகள் பெரும்பாலும் சொந்தக்காரர்களின் அருகிலேயே இடம் மாறுவார்கள்.

தேவாலயப் பதிவில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் பெரும்பான்மையான பாப்டிஸ்ட்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, எனவே பெற்றோர் பெயரோடு பதிவு கிடையாது. ஆனால் மாதாந்திரக் கூட்டக் குறிப்புகளில் 'கடிதத்தின் பேரில் சேர்த்துக்கொண்டோம்', 'கடிதம் கொடுத்து அனுப்பினோம்' என்று வரும். கல்யாணமாகி வேறு தேவாலயத்துக்கு மாறிய பெண் அந்த இரண்டு வரிகளிலும் இரண்டு பெயர்களில் இருப்பார். அலபாமா பாப்டிஸ்ட் தேவாலயங்களின் பழைய குறிப்பேடுகள் பல பர்மிங்ஹாமில் சாம்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கவுண்டி வாரப் பத்திரிகைகளில் மேட்டியின் மரணச் செய்தியை விட அவருக்குப் பின் இறந்த அண்ணன் தம்பிகளின் மரணச் செய்திகள் பயன்படும். 'உயிரோடு இருக்கும் சகோதரிகள்' என்ற வரியில் மற்ற சகோதரிகள் கணவர் பெயரோடும் ஊரோடும் வருவார்கள். அவர்களின் சான்றிதழ்களில் பெற்றோர் பெயர் கிடைக்கும்.

செரோக்கிப் பேச்சு. அது பொய் என்று வீட்டில் சண்டை போடவும் வேண்டாம், அதைப் பிடித்துக்கொண்டு தேடவும் வேண்டாம். கிளே கவுண்டிப் பகுதி 1832 ஒப்பந்தம் வரை பெரும்பாலும் கிரீக் என்னும் வேறொரு பூர்வகுடி மக்களின் நிலம். செரோக்கி நிலம் அலபாமாவின் வடகிழக்கு மூலையில் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு ஒரு நல்ல ஆவணத்தை உருவாக்கியிருக்கலாம். 1906-க்குப் பின் கிழக்குச் செரோக்கிகளுக்கு அரசு இழப்பீடு கொடுக்க முன்வந்தபோது, நாடெங்கும் இருந்து சுமார் 46,000 மனுக்கள் போயின. கியன் மில்லர் மனுக்கள் என்று அவற்றுக்குப் பெயர். பெருமளவு நிராகரிக்கப்பட்டன. நிராகரித்த மனுவிலும் மனுதாரரின் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். மேட்டியின் சொந்தத்தில் ஒருவர் மனுப் போட்டிருந்தால் போதும்.

குடும்பம் கறுப்பினத்ததா என்று கேள்வியில் இல்லை. அப்படியானால் 1880 வரை மேலே சொன்ன வழியேதான். மேட்டியின் பெற்றோரை 1870-இல் கட்டாயம் தேடுங்கள். அடிமையாக இருந்தவர்களில் பெரும்பாலோரைப் பெயரோடு எழுதிய முதல் சென்சஸ் அதுதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயரின் கீழ் பெரும்பாலும் வயது, ஆணா பெண்ணா, நிறம் ஆகியவை மட்டும் இருக்கும். குடும்பப் பெயர் கடைசி உடைமையாளரின் பெயராகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கு உதவிய அரசு அமைப்பான ஃப்ரீட்மென்ஸ் பியூரோவின் 1865–1872 கூலி ஒப்பந்தங்கள், ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் ஹன்ட்ஸ்வில், மொபீல் கிளைப் பேரேடுகள் இரண்டும் ஃபேமிலிசர்ச்சில் இலவசம். வங்கிப் பேரேட்டில் கணக்கு தொடங்கியவரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் பெயர் எழுதியிருப்பார்கள். அதற்கும் முன்னால் உடைமையாளரின் புரொபேட் கணக்குகள். பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்பது சட்டம். அதனால் சொத்துப் பட்டியலில் அப்பாக்கள் தனியே நிற்க, தாயும் கைக்குழந்தையும் பல இடங்களில் ஒரே வரியில், ஒரே விலையோடு இருப்பார்கள். படிக்க மனம் கனக்கும். ஆனால் தாய்வழியை இணைக்க அந்த வரியைத் தவிர வேறு காகிதம் பல குடும்பங்களுக்கு இல்லை.

டிஎன்ஏ பரிசோதனை கடைசியில் பேச வேண்டியது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. மேட்டியின் பெற்றோர் உங்கள் மனைவிக்கு நான்காம் தலைமுறை. மேட்டியின் அக்கா தங்கை வழியில் மனைவியின் தலைமுறையில் இருப்பவர்கள் அவருக்கு மூன்றாம் கசின்கள். பத்தில் ஒருவரோடு அளவிடக்கூடிய பொது டிஎன்ஏ எதுவுமே இருக்காது. மேட்டியின் பேரனோ பேத்தியோ உயிரோடு இருந்தால், அதே வழியில் அவர் தலைமுறையினர் இரண்டாம் கசின்கள். அவர்களுக்குள் பொருத்தம் ஏறக்குறைய தவறாமல் வரும். எனவே மனைவியின் எச்சிலை விட, மேட்டி வழியில் வந்த அவர் அப்பா அல்லது அம்மாவின் எச்சிலோ, அதே வழியில் மூத்த அத்தை மாமாவின் எச்சிலோ பல மடங்கு பயன் தரும்.

இரண்டு சகோதரர்கள் இரண்டு சகோதரிகளை மணப்பதும், கசின்களுக்குள் மணப்பதும் அந்தக் கவுண்டிகளில் சாதாரணம். அதனால் பொது டிஎன்ஏ அளவு மட்டும் பெரிதாக இருப்பதை வைத்து உறவு நெருக்கம் என்று முடிவு கட்டாதீர்கள். 1880 பட்டியலில் கழிக்காமல் நின்ற அந்த இரண்டு மூன்று குடும்பங்களில் எதன் வழிவந்தவர்கள் பொருத்தப் பட்டியலில் கூட்டமாக வருகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு: இறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம், மூத்தவருக்கு ஒரு பரிசோதனைக் குப்பி. சான்றிதழ் ஒரு வருடம் கழித்தும் அலுவலகத்தில் இருக்கும்; எண்பது தொண்ணூறு வயது மூத்தவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.